வருஷத்துக்கு ஒரு விரற்கடை

நெல்டா டீக்குக்கு நாற்பத்துமூன்றாவது வயதில் கல்யாணம் கூடிவந்தது. கூடிவந்த வேகத்திலேயே அது கலைந்துபோகவும் பார்த்தது. காரணம் பணமோ ஜாதகமோ இல்லை, பூமியின் வயது.

அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். அங்கே சோளரொட்டியில் சர்க்கரை போடலாமா கூடாதா என்பதற்கு அடுத்தபடியாகக் குடும்பங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது இந்த விஷயத்துக்காகத்தான். நெல்டாவின் அப்பா ஹோபர்ட் டீக் ஒரு பாஸ்டர். எழுபத்தெட்டு வயதாகியும் பிரசங்க மேடையை விட்டு இறங்க மனம் வராதவர். நெல்டாவைக் கட்டிக்கொள்ள வந்த வெண்டெல் ப்ரூயட்டும் பாஸ்டர்தான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் சபை வைத்திருந்தார். மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தொடப்போகிறவர். இரண்டு பேரும் குடியைத் தொடமாட்டார்கள். நடனமாடுகிறவர்களைக் கண்டால் அவர்களுக்காக ஜெபம் பண்ணுவார்கள். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று யாராவது சொன்னால் இருவருக்கும் ஒரே இடத்தில் நரம்பு புடைக்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை, அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எதிரிகளைப்போல வாழ்ந்தார்கள்.

ஹோபர்ட்டின் கட்சி இது. வேதத்தின் முதல் வசனத்தில் கடவுள் உலகத்தைப் படைக்கிறார். இரண்டாம் வசனத்தில் உலகம் பாழாய்க் கிடக்கிறது. அப்படியானால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. சாத்தான் விழுந்தான், பழைய உலகம் நாசமாயிற்று, அப்புறம்தான் ஆறு நாளில் எல்லாவற்றையும் புதுப்பித்தார். அந்த இரண்டு வசனங்களுக்கு நடுவே எத்தனை கோடி வருஷங்களை வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம், டைனோசர் எலும்புகளையும் சேர்த்து. அவருடைய வாலிபத்தில் நல்ல பாஸ்டர்கள் எல்லாரும் இப்படித்தான் சொன்னார்கள்.

வெண்டெல் புதிய கட்சி. இரண்டு வசனங்களுக்கும் நடுவில் ஒரு தும்மலுக்குக்கூட இடமில்லை என்பார். ஆதாமிலிருந்து தகப்பன் மகன் என்று கூட்டிக்கொண்டே வந்தால் ஆறாயிரம் வருஷம், அவ்வளவுதான். மலை, பள்ளத்தாக்கு, குகை எல்லாம் நோவா காலத்து வெள்ளம் வடிந்தபோது உண்டானவை.

வேதத்தையே நம்பாத பேராசிரியர் ஒருவர் பாறை பார்ப்பதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து வருஷா வருஷம் வருவார். அவருக்கு இரண்டு வீட்டிலும் ஆப்பிள் பை கிடைக்கும். அவர் எப்படியும் நரகத்துக்குப் போகிறவர், அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? சண்டை போட வேண்டுமென்றால் பாதி நம்முடைய ஆளாக இருக்கவேண்டும்.

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே நெல்டா மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அவள் நடத்திவந்த குகை. ஸ்ட்ரௌட் குகை அவளுடைய அம்மா வழிச் சொத்து. கோடையில் டிக்கெட் கிழிப்பதும் அவள்தான், ஆட்களை உள்ளே அழைத்துப்போய்க் காட்டுவதும் அவள்தான். பெரிய கூடத்துக்கு வந்ததும் எல்லாக் குகைகளிலும் செய்வதுபோல விளக்கை அணைப்பாள். முகத்துக்கு நேராகக் கையை வைத்துப் பாருங்கள், தெரியாது என்பாள். பிள்ளைகள் கிரீச்சிடுவார்கள், காதலர்கள் அவசர அவசரமாக முத்தமிட்டுக்கொள்வார்கள், வயதானவர்கள் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். மறுபடி விளக்கைப் போட்டால் எல்லார் முகத்திலும் ஒரு அசட்டுச் சிரிப்பு இருக்கும்.

டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கியது. ஒரு பக்கம் 'பல லட்சம் ஆண்டுகள் பழமையானது' என்றும் மறுபக்கம் 'பிரளயத்தின் சாட்சி' என்றும் எழுதியிருக்கும். பள்ளிக்கூட பஸ் வந்தால் முதல் பக்கம். வெண்டெலின் சபை பஸ் மேட்டில் ஏறும் சத்தம் கேட்டால் இரண்டாம் பக்கம். அப்பாவின் சபையார் வந்தால் முதல் பக்கமே போதும். செயின்ட் லூயிஸிலிருந்து வரும் கத்தோலிக்கர்களுக்குப் பலகை ஒரு பொருட்டே இல்லை, அவர்கள் கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்பார்கள். இது அம்மா ஏற்படுத்திவைத்த வழக்கம். டிக்கெட் வாங்கினவரிடம் போய் நீங்கள் நம்புவது தப்பு என்று சொல்வது மரியாதையில்லை என்பது அம்மாவின் மதம்.

குகைக்குப் பெயர் வாங்கித் தந்தது பெரிய கூடத்தின் நடுவில் நின்ற ஒரு கல். ஆள் உயரம், முன்பக்கம் சாய்ந்து, பிரசங்கியார் புத்தகம் வைத்துக்கொள்ளத் தோதாக மேலே தட்டையாக இருக்கும். பிரசங்க பீடம் என்று பெயர். சொட்டு நீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு படிந்து படிந்து உண்டானது என்று மாநில அரசு போட்ட துண்டுப் பிரசுரத்தில் இருந்தது. ஹோபர்ட் அதைத் தொட்டு, சாத்தான் விழுவதற்கு முன்னால் இருந்த உலகத்தின் மிச்சம் இது என்பார். வெண்டெல் அதைத் தொட்டு, நோவாவின் பேரன் காலத்தில் முளைவிட்டது என்பார்.

அந்தக் கல் முளைத்தது 1931-இல். முளைக்கவைத்தவர் நெல்டாவின் தாத்தா ரூபன் ஸ்ட்ரௌட். அங்கே நிஜமாகவே ஒரு பழைய கல் இருந்திருக்கிறது. நெடுஞ்சாலை வந்த புதிதில் யாரோ புண்ணியவான்கள் ஞாபகார்த்தமாக உடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. பஞ்சகாலம். காட்டுவதற்கு ஒன்றுமில்லாத குகைக்கு எவன் வருவான்? ரூபன் அப்போது ஆற்றுப்பாலம் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே மீந்த சிமெண்ட்டையும் கோழிக்கூண்டுக் கம்பிவலையையும் கொண்டுவந்து, அடிக்கட்டையின்மேல் ஒரே மத்தியானத்தில் கட்டி எழுப்பினார். வெள்ளையாக நிற்காமலிருக்க, கலவையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பியை ஊற்றினார். அவர் ஒன்றும் மோசக்காரர் இல்லை. பசித்தவர், கைவேலை தெரிந்தவர், அவ்வளவுதான்.

சிமெண்ட் குகை ஈரத்தில் வெடிப்பு விடும், கம்பி துருவேறி எட்டிப் பார்க்கும். அதனால் வருஷா வருஷம் பிப்ரவரியில், குகை மூடியிருக்கும்போது, பூசவேண்டும். ரூபன் பூசினார், அப்புறம் அம்மா பூசினாள், அம்மா போன பிறகு நெல்டா. பாஸ்டர் புருஷனிடம் அம்மா கடைசிவரை மூச்சுவிடவில்லை. அவருக்குத் தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிரசங்கத்தில் சொல்லிவிடுவார் என்று பயம். அவருக்கு முழங்கால் வலி, பிப்ரவரிக் குளிரில் குகைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். அது வசதியாகப் போயிற்று.

வெண்டெல் வாலிபர் கூட்டத்தை அழைத்துக்கொண்டு முதல்முறை வந்தபோது அவருடைய சட்டைப்பையில் ஒரு நூல் இருந்தது. பீடத்தின் இடுப்பைச் சுற்றி அளந்து நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அடுத்த கோடையில் மறுபடி அளந்தார். முடிச்சு எட்டவில்லை, ஒரு விரற்கடை குறைந்தது. அந்த வருஷம் வெடிப்பு அதிகமாக இருந்ததால் நெல்டா கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டிருந்தாள். அது வெண்டெலுக்கு எப்படித் தெரியும்? மனிதர் நூலைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையில் கண் கலங்கிவிட்டார். வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளர்கிற கல்லுக்கு எதற்கு லட்சம் வருஷம், பிரளயத்துக்கு அப்புறம் இருக்கிற காலமே ஏராளம் என்று சுற்றி நின்ற பிள்ளைகளிடம் சொன்னார். அப்புறம் நெல்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவளை அப்படி மகிழ்ச்சியோடு யாரும் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

அடுத்த பிப்ரவரியில் பீடத்துக்குப் பெரிய வெடிப்பு ஒன்றுமில்லை. நெல்டா கலவையைக் குழைத்தாள், பூசினாள். ஒரு விரற்கடை. ஏன் செய்தாய் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. சில பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். இவளுக்குத் தெரிந்தது சிமெண்ட்.

கல் வளர்ந்துகொண்டே வந்தது. வெண்டெலின் நூல் பிரசங்கம் மூன்று மாநிலங்களில் பெயர் வாங்கியது. இடையில் ஒரு வருஷம் அவருடைய மனைவி நோயாகக் கிடந்து காலமானாள், அவர் வரவில்லை. அந்த வருஷம் கல்லும் வளரவில்லை. மூன்று வருஷம் கழித்து, ஒரு கோடை மத்தியானம், நாற்பது வாலிபர்கள் சூழ நிற்கையில் நெல்டா விளக்கை அணைத்தபோது இருட்டுக்குள்ளிருந்து அவருடைய குரல் காதோரம் வந்தது. "சிஸ்டர் நெல்டா, என்னைக் கட்டிக்கச் சம்மதமா?" என்றது. நெல்டா இருட்டிலேயே சரி என்றாள். விளக்கைப் போட்டபோது இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா கேள்விப்பட்டதும் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, தனக்கு இருப்பது ஒரே மகள், அவளுடைய கல்யாணத்தைத் தானேதான் நடத்திவைப்பேன் என்றார். வெண்டெல் சரி என்றார். கல்யாணம் குகையில், பீடத்துக்கு முன்னால் நடக்கவேண்டும் என்று வெண்டெல் கேட்டார். அப்பா சரி என்றார். நெல்டாவுக்கு அந்த இரண்டு சரிகளும் சரியாகப் படவில்லை. அவர்கள் இருவரும் அடுத்தடுத்து ஒத்துக்கொண்டதை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

கல்யாணம் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டாயிற்று, இரும்புத் தடுப்பில் காகிதப் பூக்கள் சுற்றியாயிற்று, சபைப் பெண்கள் கேக்கைக் குளிரில் வைக்க மேலே நெல்டாவின் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று பேர் மட்டும் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். திருமண உரிமம் அப்பாவின் கோட்டுப் பையில் இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எண்ணமுடியாத யுகங்களுக்கு முன்னே இந்தக் கல்லை ஊன்றிய தேவன் என்று ஆரம்பித்தார்.

"பிரதர், அந்த எண்ணமுடியாதங்கிறதை மட்டும் விட்டுட்டுச் சொல்லலாமே" என்றார் வெண்டெல், பணிவாகத்தான்.

"ஏன், உன்னால எண்ணமுடிஞ்சா எண்ணிக்கோ. யாரு வேண்டாம்னது?"

"நான் எண்ணியாச்சு. நூல் இருக்கு பையில."

"கல்யாணத்துக்கு மோதிரம் கொண்டுவருவாங்க. இவன் நூல் கொண்டுவந்திருக்கான்" என்று அப்பா மகளைப் பார்த்துச் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் எழுதினால் வேதவகுப்பாகிவிடும். முதல் வசனம் வந்தது, இரண்டாம் வசனம் வந்தது, நோவா வந்தார். வெண்டெல் பணிவை விட்டார். தன் சபையார் முன்னிலையில் ஒரு பொய்யின் நிழலில் நின்று மனைவியைக் கைப்பிடிக்கமாட்டேன் என்றார். அப்பா புத்தகத்தைப் பட்டென்று மூடினார். கர்த்தருடைய காலத்தை நூலால் அளக்கிறவனுக்கு என் மகளைக் கொடுத்தேன் என்று பரலோகத்தில் போய் எப்படிச் சொல்வேன் என்று கேட்டார். இரண்டு பேரும் அவரவர் தொப்பியை எடுத்தார்கள்.

நெல்டா அவர்களைப் பார்த்தாள். ஒருத்தர் அப்பா, அவரை விட்டால் அவளுக்கு ரத்த உறவு இல்லை. இன்னொருத்தர் வெண்டெல், அவரை விட்டால் இனி ஒருத்தர் வரப்போவதில்லை. இரண்டு பேரும் வெளியே போகிற பாதையில் ஒரே கதவுதான் இருந்தது, அதிலும் யார் முந்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகைக்குப் பதிலாக எரிச்சல் வந்தது. பீடத்துக்குப் பின்னால் போனாள். பூச்சுவேலைக் கரண்டி அங்கே ஒரு பொந்தில் எப்போதும் இருக்கும். அதன் காம்பைத் திருப்பிப் பிடித்து, பீடத்தின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓடு பெயர்ந்து விழுந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பிவலை தெரிந்தது.

"இது கல்லு இல்ல. சிமெண்ட்டு" என்றாள். "தாத்தா கட்டினது. போன பிப்ரவரி நான் பூசினது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பாலவேலை, அடிக்கட்டை, காப்பி, பலகை, ஒன்றையும் விடவில்லை. கல் ஏன் வளர்ந்தது என்பதையும் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இதோடு எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அப்பா மன்னிக்கமாட்டார். வெண்டெலால் மூன்று மாநிலங்களில் தலைகாட்ட முடியாது. ஆனாலும் பொய்யான காரணத்துக்காகக் கல்யாணம் நின்றுபோவதைவிட நிஜமான காரணத்துக்காக நிற்கட்டும் என்று நினைத்தாள்.

அப்பா குனிந்து, விழுந்த சிமெண்ட் சில்லைக் கையில் எடுத்தார்.

"லீட்டாவுக்குத் தெரியுமா?" என்று அப்பா கேட்டார். லீட்டா என்றது அம்மாவை.

"அம்மாதான் கலவை போடக் கத்துக்குடுத்தா."

அப்பா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தனை வருஷக் குடித்தனமும் அவருடைய முகத்தில் ஓடியது. வெண்டெல் நூலை வெளியே எடுத்து, முடிச்சு முடிச்சாகத் தடவிக்கொண்டிருந்தார். நெல்டாவுக்கு இரண்டு பேரையும் பார்க்கச் சகிக்கவில்லை.

முதலில் நிமிர்ந்தவர் வெண்டெல். அவருடைய முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது, அது நெல்டா எதிர்பார்த்த வெளிச்சம் இல்லை. "ஒரு மத்தியானத்துல செஞ்சது" என்றார். "பார்த்தா லட்சம் வருஷம் மாதிரி இருக்கு. பேராசிரியரே ஏமாந்தாரு. பாலவேலைக்காரர் ஒருத்தர் ஒரு வாளி காப்பியை வச்சு இவ்வளவு பழசா காட்ட முடியும்னா, உலகத்தை உண்டாக்கினவருக்கு எவ்வளவு நேரமாகும்? ஆதாமைக் குழந்தையாவா படைச்சாரு? வளர்ந்த ஆளாத்தானே படைச்சாரு. பூமியையும் அப்படியே பழசா படைச்சிருக்காரு. பிரதர், இதுக்குமேல என்ன சாட்சி வேணும்?"

"அட மடையா" என்று அப்பா எழுந்தார். முழங்கால் வலி எங்கே போயிற்றோ. "அடியில என்ன இருக்குன்னு பாருடா. ஆதியில நல்ல கல்லு இருந்துச்சு. துஷ்டனுங்க வந்து உடைச்சானுங்க. பாழாப் போய்க் கெடந்துச்சு. அப்புறம் ஒருத்தர் வந்து அதுமேலயே புதுசா கட்டினாரு. முதல் வசனம், பாழ், ரெண்டாவது கட்டுமானம். நான் அம்பது வருஷமா தொண்டை கிழியக் கத்தினதை என் மாமனார் சிமெண்ட்டுல செஞ்சு காட்டிட்டுப் போயிருக்காரு."

"அடிக்கட்டையும் பிரளயத்துக்கு அப்புறம் வந்ததுதான்."

"அதுக்கும் நூல் வச்சிருக்கியா?"

இரண்டு பேரும் பீடத்தின் பின்பக்கம் குனிந்து, துருப்பிடித்த கம்பியை ஆளுக்கொரு பக்கம் சுட்டிக் காட்டிக்கொண்டு கூச்சலிட்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக நெல்டா இருவரையும் பார்த்ததில்லை. பொய் சொன்னாய் என்று ஒருவரும் அவளைத் திட்டவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. அவள் அங்கே இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. இதோடு எல்லாம் முடிந்தது என்று பயந்தாளே, அதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் போய்க் கோபம் வந்தது. நேரே சுவரோரம் போய் விளக்கை அணைத்தாள்.

இருட்டு வந்தது அவர்களுக்கு உடனே உறைக்கவில்லை. ஒரு பாஸ்டருக்குப் பேச வெளிச்சம் தேவையில்லை, இரண்டு பாஸ்டர்களுக்குச் சுத்தமாகத் தேவையில்லை. நோவாவின் பேரன் வரைக்கும் போனபிறகுதான் ஒருவர் நிறுத்தினார், பிறகு மற்றவரும் நிறுத்தினார்.

"நெல்டா, விளக்கு போயிருச்சு" என்றார் அப்பா.

"போகலை. நான்தான் அணைச்சேன்."

யாரோ ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

"இந்தக் கல்லுக்கு என்ன வயசு, குகைக்கு என்ன வயசு, பூமிக்கு என்ன வயசுன்னு பத்து வருஷமா ரெண்டு பேரும் கேட்டுட்டீங்க" என்றாள் நெல்டா. "எனக்கு நாப்பத்திமூணு. அதுல யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லைன்னு நினைக்கிறேன். ஒவ்வொரு பிப்ரவரியும் சிமெண்ட்டு வாளியைத் தூக்கிட்டு இந்தப் படியில இறங்கினது நான். அது எந்த வசனத்துல வருதுன்னு ரெண்டு பேரும் சொல்லலை. கதவு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. கல்யாணம் உண்டா இல்லையான்னு சொல்லுங்க. இல்லைன்னா நான் மேல போய் கேக்கை வெட்டிச் சாப்பிட்டுட்டுத் தூங்கப்போறேன்."

நெல்டா தடுப்புக் கம்பியில் கை வைத்தாள். போய்விடுவதற்குத்தான் வைத்தாள். அப்போது இருட்டுக்குள்ளிருந்து வெண்டெலின் குரல் வந்தது. பிரசங்கக் குரல் இல்லை, அன்றைக்கு நாற்பது வாலிபர்களுக்கு நடுவே காதோரம் கேட்ட குரல்.

"நான் வராத வருஷம் கல்லு வளரலை" என்றார். "அந்த ஒரு முடிச்சு மட்டும் ஏன் கணக்குக்குச் சரியா வரலைன்னு எத்தனையோ நாள் முழிச்சுக் கெடந்திருக்கேன். நெல்டா, எனக்காகவா பூசினே?"

வெண்டெல் அவளை சிஸ்டர் என்று சொல்லாமல் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"பின்ன, நோவாவுக்காகவா?" என்றாள் நெல்டா.

அப்பா இருமினார். ஈரக்காற்றில் வந்த இருமலா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. "ரெண்டு பேரும் எங்க நிக்கிறீங்கன்னு தெரியலை" என்றார். "கையைப் பிடிச்சுக்கங்க. புத்தகம் எனக்குத் தேவையில்லை, மனப்பாடம்தான்." அந்தக் கும்மிருட்டில் அவர் திருமண வாசகத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொன்னார். எண்ணமுடியாத யுகங்களை விட்டுவிட்டார். கேட்ட இடத்தில் வெண்டெல் ஆம் என்றார், நெல்டா ஆம் என்றாள். முத்தமிட்டார்களா என்பதை அப்பா பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை. முடிந்ததும் நெல்டா விளக்கைப் போடவில்லை. இரண்டு பேரும் அவளுடைய இரண்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்ன இடத்தில் காலை வைத்து, மேலே வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை இரண்டு சபையாரும் வந்து உட்கார்ந்து கண்ணீர்விட்டுப் பார்த்தது ஒத்திகை. பெயர்ந்த இடத்தில் காகிதப் பூக்களைச் சுற்றி வைத்திருந்தார்கள். கல்லின் விஷயத்தை இரண்டு பாஸ்டர்களும் வெளியே விடவில்லை. தனக்குத்தான் அது சாட்சி என்று இருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வெளியே சொன்னால் மற்றவர் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடுவாரே என்று பயம். வெண்டெல் நூல் பிரசங்கத்தை மட்டும் நிறுத்திவிட்டார். நல்ல மனிதர், அந்த அளவுக்கு நேர்மை இருந்தது. டிக்கெட் ஜன்னலில் பலகையும் முன்போலவே திரும்பித் திரும்பித் தொங்கியது.

பிப்ரவரி வந்தது, குகையை மூடினார்கள். இந்தமுறை வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது வெண்டெல். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே அப்பாவும் வந்து, பீடத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாந்தரைப் பிடித்துக்கொண்டார். அடிக்கட்டைமேல் சிமெண்ட் படக்கூடாது, அது தன்னுடைய கட்சி என்று கண்டிப்பாகச் சொன்னார். மேலே இருக்கிறது என்னுடையது, நீங்கள் கவலைப்படவேண்டாம் என்றார் வெண்டெல். நெல்டா பெயர்ந்த இடத்தில் கலவையை அப்பித் தேய்த்தாள். லாந்தர் வெளிச்சத்தில் அது வெளுப்பாகத் தெரிந்தது.

"புதுசா பளிச்சுனு தெரியுது" என்றார் வெண்டெல். "இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்து."

"ஊத்தும்மா" என்றார் அப்பா. "நல்லா பழசா இருக்கணும்."

நெல்டா காப்பிக் கூஜாவைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்வளவு பழசா?" என்று கேட்டாள்.

பாஸ்டர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெல்டா கூஜாவில் இருந்ததை முழுவதும் வாளியில் கவிழ்த்துவிட்டுக் கலக்க ஆரம்பித்தாள்.